தரம் இரண்டு

இரவு பத்து, இரண்டு, காலை ஆறு.
நான்கு மணிக்கொரு தடவை
ஒன்பதாம் படுக்கையின் கண்களைப் பார்க்க வேண்டும்.
அவை என்னைப் பார்க்கின்றனவா என்பது
வேறு படிவம்.

பேனா விளக்கைச் சாய்த்துப் பிடிக்கிறேன்.
இமை முழுதாய் மூடியிருந்தால் சுழியம்.
வெள்ளை மட்டும் தெரிந்தால் ஒன்று.
கருவிழியும் தெரிந்தால் இரண்டு.
இடது ஒன்று. வலது இரண்டு.
ஓர் அரிசி அகலம்தான் திறந்திருக்கிறது.
குளிர்சாதனக் காற்றுக்கு அவ்வளவு வாசல் போதும்.

சுல்கர்னாயின், ஐம்பத்தெட்டு,
பாசிர் பாஞ்சாங்கில் பாரந்தூக்கி ஓட்டியவர்.
கண்ணாடிக் கூண்டில் குனிந்து உட்கார்ந்து
கொள்கலனின் நான்கு மூலைகளையும்
இமைக்காமல் பார்த்து இறக்குவாராம்.
இப்போதும் இமைக்கவில்லை.
நுரையீரல் இயந்திரத்தோடு மல்லுக்கு நிற்காதிருக்க
நாங்கள் ஏற்றிய மருந்து
ஒவ்வொரு தசையாய்ப் போய்க் கட்டிப்போட்டது.
கண்ணை விட்டுவிடு என்று
அதனிடம் சொல்ல வழியில்லை.

கண்ணிமைக்கும் நேரம் என்கிறோம்.
இவரிடம் அந்த அளவுகோலே இல்லை,
பதினேழு மணி நேரமாக.
இமைக்காதவர்களை இமையவர் என்று பெயரிட்டு
வானத்தில் குடியேற்றினார்கள்.
அங்கே கண் உலராது போலிருக்கிறது.
அல்லது யாரோ
முறை வைத்துச் சொட்டு மருந்து விடுகிறார்கள்.

கீழிமையில் தாள் பட்டையைச் செருகிவிட்டு
ஐந்து நிமிடம் நின்றேன்.
இந்த வார்டில் ஐந்து நிமிடம் சும்மா நிற்பது
ஒரு சொத்து.
பதினொன்றில் அலாரம் அடித்தது; மாரிவிக் ஓடினாள்.
நான் நின்றேன்.
ஈரம் ஏறியது மூன்று மில்லிமீட்டர்.
எழுதிக்கொண்டேன்.
டாக்டர் லியூ சாயம் தொட்டு நீல விளக்கடித்தார்.
கருவிழியின் அடியில்
பாண்டான் கேக்கின் பச்சையில் ஒரு கீறல்.
சின்னதுதான், என்றார்.
பெரிதும் சின்னதாகத்தான் தொடங்கும்,
அதை அவர் சொல்லவில்லை.

பத்தரைக்கு மனைவி வந்தார். நோர்லைலா.
பார்வை நேரம் முடிந்திருந்தது, யாரும் தடுக்கவில்லை.
குனிந்தவர் நிமிராமலே கேட்டார்:
'டியா மெனாங்கிஸ் கெ, மிஸி?'
கன்னத்தில் ஒரு பளபளப்பு
காதை நோக்கி இறங்கிக்கொண்டிருந்தது.

அழுகிறார் என்று சொல்லியிருக்கலாம்.
ஒரு சொல்தான்; யார் கணக்குக் கேட்கப் போகிறார்கள்.
'உபாத், புவான்' என்றேன். மருந்து.
களிம்பு, நான்தான் போட்டேன், இப்போது உருகுகிறது.

முக்காட்டின் நுனியால் துடைக்கப் போனார்.
கையைப் பிடித்துக்கொண்டு
உப்புநீரில் நனைத்த பஞ்சைக் கொடுத்தேன்.
மூக்கோரத்திலிருந்து வெளியே,
ஒரு பஞ்சு, ஒரே இழுப்பு, பிறகு புதிது.
குழந்தைக்கு மை இடுகிறவர் மாதிரி
நாக்கைக் கடித்துக்கொண்டு துடைத்தார்.
முப்பத்தோரு வருஷத்தில் இவர் அழுது பார்த்ததில்லை
என்றார் மலாயில்.
பிறகு,
மருந்தாகவே இருக்கட்டும்.

கண்ணை இமை காப்பதுபோல் என்று
எத்தனை வாழ்த்து மடல்களில் எழுதியிருப்பேன்.
இமையை யார் காப்பது என்று
யோசித்ததே இல்லை.
விரலால் மூடிப் பிடித்தேன்; விட்டதும் திறந்தது.
மறுபடி மூடினேன்.
கண்ணாடித்தாள் ஒன்றை வெட்டிப்
புருவத்திலிருந்து கன்னம்வரை ஒட்டினேன்.
இரண்டு மணிக்குப் பார்த்தபோது
தாளின் உள்பக்கம் நீராவி படிந்திருந்தது,
மழை நாளில் பேருந்துச் சன்னல்போல.
அவர் உடம்பின் சொந்த ஈரம்.
அதைக் குறிக்கப் படிவத்தில் கட்டம் இல்லை.
ஓரத்தில் பென்சிலால் எழுதினேன்.

ஆறு மணிக்கும் வலது இரண்டுதான்.
காலைப் பணிக்கு வந்த சுவாதிகாவிடம்
இரத்த அழுத்தம், சிறுநீர், பொட்டாசியம் எல்லாம் சொல்லி,
பை மாட்டிக் கதவுவரை போய்த் திரும்பி வந்து,
'வலது கண், மறந்துடாதே' என்றேன்.
'ரெண்டு தடவை சொல்லிட்டீங்க அக்கா.'

ஜூரோங் ஈஸ்டில் ரயில் ஏறினேன்.
வெயில் கண்ணில் குத்தியது.
வேண்டுமென்றே இமைத்துப் பார்த்தேன், எரிந்தது.
எதிர் இருக்கையில் சீருடைப் பையன் ஒருவன்
வாய் பிளந்து, அரைக்கண் மூடித் தூங்கினான்.
தரம் ஒன்று.